நீலம் போன வெள்ளிக்காசு

அத்தியாயம் 6

“பல்லைக் காட்டாதே” என்றார் டீச்சர்.

“அந்த ரிசப்ஷன் அம்மா சிரிச்சாங்க டீச்சர். மரியாதைக்கு ஒரு பதில் சிரிப்பு.”

“இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கிட்டு நிக்கிறியே, அதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.”

ரேடியோ கதவை இழுத்தான். இருவரும் உள்ளே போனார்கள். மணி பதினொன்று பத்து.

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திவிட்டு, பென்ஷன் வந்த மறுமாதமே துப்பறியும் நிலையம் திறந்தவர் டீச்சர். ரேடியோ அதற்கு முன் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். அவன் பேச்சைத் தாங்க முடியாமல் ஒரு நோயாளி பாதி வழியில் இறங்கி, நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாராம். இதை அவனே சொல்வான், பெருமையாக. வயது நாற்பது ஆகியும் அந்தப் பட்டப்பெயர் அவனை விடவில்லை.

வழக்கு சின்னதுதான். ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் பழைய காசுகளுக்குத் தரம் போடும் இந்த அலுவலகத்துக்கு ஒரு வெள்ளிக்காசு அனுப்பினார். போகும்போது அது நீலமும் பொன்னுமாக மின்னியது. திரும்பி வந்தது வெள்ளை வெளேர் என்று ஒன்று. காசை மாற்றிவிட்டார்கள் என்று அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். அதோடு நிற்காமல் டீச்சரையும் அமர்த்தினார். புகாரில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஒருவர், அந்தக் காசைப் பரிசோதித்த அம்மாள். இன்று மாலை நான்கு மணிக்கு மேலாளர் விசாரிக்கிறார்.

பரிசோதகர் ஒல்லியாக இருந்தார். கறுப்புத் துணி விரித்த மேஜை, வளையும் கழுத்து விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. மேஜையில் காசு ஒன்றுகூட இல்லை.

“புகார் வந்ததுலேருந்து எந்தக் காசையும் என்கிட்ட தர்றதில்லைங்க” என்றார். “அஞ்சு நாளா விளக்கைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

“நாலு மணிக்கு என்ன ஆகும்?”

“மேஜைச் சாவியைக் கேட்பாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லைங்க. காசை மாத்தினவன்னு பேர் வந்தா இந்தத் தொழில்ல யாரும் உள்ளே விடமாட்டாங்க. பத்தொன்பது வருஷமா காசு பார்த்தே பழகிட்டேன். வேற எதுவும் தெரியாது.”

“நீங்க காசைப் பார்த்து என்ன பண்ணுவீங்க? இவனுக்கும் புரியற மாதிரி சொல்லுங்க.”

“எழுபதுக்கு இத்தனைன்னு ஒரு நம்பர் போடுவோம். அந்த நம்பரோட பிளாஸ்டிக் பெட்டியில வச்சு சீல் பண்ணி அனுப்பிடுவோம்.”

“எழுபதுக்கா?” ரேடியோவின் முகம் மலர்ந்தது. “நான் எல்லாப் பரீட்சையிலயும் முப்பத்தஞ்சுங்க. எழுபதுக்குன்னு வச்சா சரிபாதி. இப்பதான் கௌரவமா இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் கட்டைவிரலைப் பார்க்க ஆரம்பித்தான்.

“வெள்ளியைக் காகிதத்துக்குள்ள வச்சு மறந்துட்டா, காகிதத்துல இருக்கிற கந்தகம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும்” என்றார் பரிசோதகர். “மொதல்ல மஞ்சள், அப்புறம் செம்பு நிறம், அப்புறம் நீலம். வருஷக்கணக்கு ஆகும். அந்தக் கலருக்காகவே அலையறவங்க இருக்காங்க. அதனாலேயே ஏமாத்தறவங்களும் இருக்காங்க. அடுப்புல வாட்டுவாங்க, மருந்துல முக்குவாங்க. ஒரே வாரத்துல நாப்பது வருஷத்துக் கலர் வந்துடும். எது நிஜம், எது வேஷம்னு பிரிக்கிறதுதான் என் வேலை.”

“டாக்டர் காசு?”

“வேஷம்னு முடிவு பண்ணினேன்.” அவர் ஒரு புகைப்படத்தை நகர்த்தி வைத்தார். “இங்க வர்ற எல்லாக் காசையும் போட்டோ எடுத்துடுவோம். பாருங்க.”

டீச்சர் பார்த்தார். ஒரு பெண்ணின் தலை பொறித்த காசு. கழுத்துப் பக்கம் கரும் நீலம், நெற்றிப் பக்கம் பழுத்த பொன். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

“இந்தக் கோடுதான்” என்றார் பரிசோதகர். “தானா வர்ற கலர் ஓரத்துலேருந்து மெதுவா பரவும். நேர்கோடு போடாது. இன்னும் ரெண்டு பேர் பார்த்தாங்க, அவங்களும் அதையே சொன்னாங்க. ‘நிறம் ஐயத்துக்குரியது, தரம் அளிக்க இயலாது’ன்னு சீட்டு எழுதி அதே காசைத் திருப்பி அனுப்பினேன். அதே காசைங்க.”

“அதேதான்னு எப்படி நிரூபிக்கலாம்?”

“காதுக்குப் பின்னால பாருங்க. அரிசி நுனி அளவுக்கு ஒரு வெட்டு. டாக்டர்கிட்ட இருக்கிற வெள்ளைக் காசுல அந்த வெட்டு இருந்தா மாத்தவே இல்லைன்னு அர்த்தம். பார்க்கணும்னு கேட்டோம். காசு ஆதாரம், மறுபடி உங்க கையில தரமாட்டேன்னுட்டாரு.”

டீச்சர் புகைப்படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றார் பரிசோதகர். “நீங்க அவரோட ஆளு. எனக்காக எதுக்கு இதெல்லாம் பார்க்கறீங்க?”

“நான் யாரோட ஆளும் இல்லைம்மா.”

“சம்பளம் மட்டும் டாக்டர்கிட்ட” என்றான் ரேடியோ.

*

ஸ்கூட்டர் சிக்னலில் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சர் அவன் தோளைத் தட்டினார்.

“நேத்து டாக்டர் வீட்டுக்குள்ள போனதும் அவர் மொதல்ல என்ன பண்ணினாரு?”

“என் வாயைப் பார்த்தாரு. வணக்கம்னு சொல்ல வாயைத் திறந்தேன். உடனே நெத்தியில மாட்டியிருந்த, பெரிசு பண்ணிக் காட்டற கண்ணாடியை டப்புனு கீழே இறக்கி, கீழ்வரிசையில ஓட்டை இருக்குன்னாரு. வணக்கம் பாதியிலேயே நின்னுடுச்சு.”

“அப்புறம் காசைக் காட்டினாரு.”

“ஆமா. கவரோட தூரமா பிடிச்சு, பார்த்துக்குங்கன்னாரு. நானும் பார்த்துக்கிட்டேன். என்ன பார்த்தேன்னு கேட்காதீங்க.”

“கண்ணாடி?”

“என்ன கண்ணாடி?”

“உன் ஓட்டைப் பல்லைப் பார்க்க இறக்கின கண்ணாடியை, உயிரா வச்சிருந்த காசு திருட்டுப் போச்சுன்னு சொல்றவர், அந்தக் காசைப் பார்க்க இறக்கினாரா?”

ரேடியோ யோசித்தான். பச்சை விழுந்தது. பின்னால் நான்கு ஹாரன்கள் ஒன்றாகக் கத்தின.

“இறக்கலை டீச்சர்.”

“ஓட்டு.”

*

டாக்டரின் வீட்டு முன்னறை ஆறு வருடம் முன்பு வரை க்ளினிக்காக இருந்தது. சாய்வு நாற்காலி இன்னும் நடுவில் கிடந்தது. பல் விளக்கும் முறை என்று சுவரில் ஒரு படம்: ஒரு பிரஷ், ஒரு வரிசைப் பல், மேலே சின்னச் சின்ன வட்டமாக அம்புக்குறிகள். ஜன்னலோரம் டாக்டரின் காசுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஓய்வுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட ஆசை அது. எழுபத்து நான்கு வயது. நெற்றியில் அதே கண்ணாடி, சின்னக் குழாய்கள் இரண்டு முளைத்த மாதிரி.

அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். க்ளினிக்கில் கூடவே நின்று வேலை பார்த்தவர். நோயாளிகள் கூப்பிட்ட ‘நர்ஸம்மா’ அப்படியே நிலைத்துவிட்டது.

“திருடன் கிடைச்சானா டீச்சரம்மா?” என்றார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

“காசை ஒரு தரம் கவருக்கு வெளியே எடுத்துப் பார்க்கணும் டாக்டர்.”

“ஆதாரத்தைத் தொடக்கூடாது” என்றார் டாக்டர். “எல்லாத் துப்பறியும் கதையிலயும் போட்டிருக்கே.”

“அது போலீஸ்காரங்களுக்கு.”

“உங்களுக்கும் சேர்த்துத்தான்.”

டீச்சர் ரேடியோவைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ரேடியோவுக்கு ஒரு விநாடி பிடித்தது. பிறகு கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

“ஐயோ, டாக்டர்! நீங்க சொன்னீங்களே ஒரு ஓட்டை, நேத்து ராத்திரிலேருந்து உயிர் போகுது.”

டாக்டரின் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. “உட்காரு.”

“இல்லை, பரவாயில்லை டாக்டர், நீங்கதான் ரிடையர் ஆயிட்டீங்களே…”

“உட்காருப்பா! வாயைத் திற. இன்னும் பெரிசா. பேசாதே.”

அவனைப் பேசாதே என்று சொல்லி அதில் ஜெயித்த முதல் மனிதர் அவர்தான். இரண்டு கையும் ரேடியோவின் வாய்க்குள் போயின. கண்ணாடி இறங்கியது. உலகத்தில் மற்றதெல்லாம் அவருக்கு மறைந்துபோனது.

டீச்சர் நேற்றுப் பார்த்துவைத்த இழுப்பறையைத் திறந்து கவரிலிருந்து காசை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கைப்பையிலிருந்த லென்ஸைப் பிடித்தார். காதுக்குப் பின்னால் அரிசி நுனி அளவு வெட்டு. புகைப்படத்தில் இருந்த அதே இடம், அதே சாய்வு.

யாரும் எதையும் மாற்றவில்லை. ஒரே காசு.

அப்படியானால் நீலம் எங்கே போனது? டீச்சர் காசை மெதுவாக வெளிச்சத்தில் சாய்த்தார். அப்போது தெரிந்தது. முகம் முழுக்க, மயிரிழையைவிட மெல்லிய கீறல்கள். நீளவாட்டில் இல்லை, குறுக்கிலும் இல்லை. குட்டிக் குட்டி வட்டங்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.

டீச்சர் தலையை நிமிர்த்தினார். எதிரே சுவரில் பல் விளக்கும் முறைப் படம். அதன் பக்கத்தில், உள்கதவு ஓரம், நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். துடைக்கும் துணியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“கொஞ்சம் கை கழுவணும்” என்றார் டீச்சர்.

*

கை கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு ஸ்டீல் தட்டு. அதில் பல் பிடுங்கும் இடுக்கி, குட்டிக் கண்ணாடி, கொக்கிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஆறு வருடமாக யார் வாய்க்குள்ளும் போகாதவை. அத்தனையிலும் முகம் பார்க்கலாம்.

“வாரத்துக்கு ஒரு தரம் தேய்ச்சு வச்சிடுவேன்” என்றார் நர்ஸம்மா. “கறுத்துடக் கூடாது பாருங்க.”

“காசையும் இங்க வச்சுத்தான் தேய்ச்சீங்களா?”

நர்ஸம்மா குழாயைத் திறந்தார். மூடினார்.

“சீட்டைப் படிச்சேன் டீச்சரம்மா. நிறம் ஐயத்துக்குரியதுன்னு போட்டிருந்துச்சு. சீட்டைப் பார்த்த கையோட காசைக்கூடத் திறந்து பார்க்காம இழுப்பறையில போட்டுட்டாரு. மூணு நாள் சரியா சாப்பிடலை. நிறம்தானே அவங்களுக்குத் தடங்கல்? நான் எத்தனை கறை எடுத்திருக்கேன் இந்தக் கையால. மத்தியானம் அவர் படுத்திருந்தப்போ சுடுதண்ணியில சோடா உப்பு போட்டு ஊற வச்சு, பல்பொடி தொட்டு, குழந்தைங்க பிரஷ்ஷால மெதுவா… அழுத்தக் கூடாதுன்னு வட்டமா…” அவர் விரல் காற்றில் அந்த வட்டத்தைப் போட்டது. “பளிச்சுனு வந்துடுச்சு. மறுபடி அனுப்புவாரு, நல்ல நம்பரா வரும், நான்தான் பண்ணினேன்னு அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். எடுத்துப் பார்த்தவரு, காசை மாத்திட்டாங்கன்னு கத்தினாரு பாருங்க… அப்பதான் நான் பண்ணினது என்னன்னே புரிஞ்சுது. வாயே வரலை.”

“அந்தக் காசு முன்னாடி எதுல இருந்துச்சு?”

நர்ஸம்மா மேல்தட்டிலிருந்து ஒரு மாத்திரைக் கவரை எடுத்தார். க்ளினிக்கில் கொடுக்கிற பழுப்புக் காகிதக் கவர். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். உள்ளே இருந்த ஊக்குகளைக் கொட்டிவிட்டுக் கொடுத்தார்.

“எதையும் தூக்கிப் போட மாட்டேன்.”

டீச்சர் கவரின் ஓரத்தைப் பிரித்தார். உள்பக்கம் வட்டமாக ஒரு பழுப்புத் தடம், காசின் அளவுக்கு. இரண்டு பக்கமும் ஸ்டேப்ளர் பின் போன ஓட்டைகள், துருக்கறையோடு. காசு அசையாமல் இருக்க யாரோ பின் அடித்திருக்கிறார்கள். வட்டத்தின் குறுக்கே, கவரை ஒட்டியிருந்த இடத்தில், பசை பூசி இரண்டு மடிப்பாகக் காகிதம். அந்த ஒட்டின் விளிம்பு நேராக ஓடியது, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

டீச்சர் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்தார். காகிதம் இரட்டையாக இருந்த பக்கம் நீலம். ஒற்றையாக இருந்த பக்கம் பொன். பரிசோதகர் வேஷம் என்று சொன்ன கோடு, ஒரு மாத்திரைக் கவரின் ஒட்டு.

“அப்ப அந்தக் கலர்?” என்றார் நர்ஸம்மா.

பொய் சொல்ல டீச்சருக்கு ஒரு விநாடி இருந்தது. இருபத்தாறு வருடம் பாடம் நடத்திய வாய்க்குப் பொய் வரவில்லை.

“நிஜம்தாம்மா. எந்த மருந்தும் இல்லை. இந்தக் கவர்தான்.”

“இதுல போட்டது நான்தானே” என்றார் நர்ஸம்மா மெதுவாக. “க்ளினிக் திறந்த அன்னிக்கு. நாப்பத்தொரு வருஷம் ஆச்சு. மொத மொதல்ல பல் பிடுங்கிக்கிட்டவன் வச்சுட்டுப் போன காசு. தொலைஞ்சிடப் போகுதுன்னு நான்தான் கவர்ல போட்டு ரெண்டு பக்கமும் பின் அடிச்சேன்.”

அவர் ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“அவருக்கு இது தெரியக்கூடாது டீச்சரம்மா. திருடன் அகப்படலைன்னு சொல்லிடுங்க. திருட்டுன்னா கொஞ்ச நாள்ல மறந்துடுவாரு. நான்னு தெரிஞ்சா என் மூஞ்சியைப் பார்க்கறப்போ எல்லாம் ஞாபகம் வருமே. ஆபீஸ்காரங்களுக்கு என்ன, ஒரு புகார் வந்தா ஃபைல்ல போட்டுட்டுப் போவாங்க.”

“புகார் ஆபீஸ் மேல இல்லைம்மா. அந்தக் காசைப் பார்த்த ஒரு பொம்பளை மேல. நாலு மணிக்கு அவங்க மேஜைச் சாவியைப் பிடுங்கப் போறாங்க.”

ஊக்கு ஒன்று தொட்டிக்குள் விழுந்தது.

“பொம்பளையா? ஆபீஸ் மேலன்னுதானே என்கிட்ட சொன்னாரு?”

நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டார். விரல் விரலாக, க்ளினிக்கில் துடைப்பதுபோல. பிறகு முன்னறைக்கு நடந்தார்.

*

ரேடியோ வாய் நிறையப் பஞ்சோடு கிடந்தான். டாக்டர் ஓட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார், சீட்டியடித்தபடி.

“ஏங்க” என்றார் நர்ஸம்மா.

“வேலையா இருக்கேன்.”

“ஏங்க, அந்தக் காசு…”

“இன்னும் கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டு வா.”

“பஞ்சு இருக்கு. அந்தக் காசை…”

“அதெல்லாம் டீச்சரம்மா பார்த்துக்குவாங்க. உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? உள்ளே போ. போம்மா.”

அவர் திரும்பவே இல்லை. ஆனால் கொக்கி பிடித்த கை நின்றுவிட்டது. டீச்சர் அந்தக் கையையே பார்த்தார். எதிரில் இருப்பவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்தவர்தான் இப்படி அவசரமாக வாயை அடைப்பார்.

“நான்தாங்க தேய்ச்சேன்” என்றார் நர்ஸம்மா. “யாரும் மாத்தலை. நான்தான்.”

ரேடியோவின் கண்கள் இங்கேயும் அங்கேயும் ஓடின.

டாக்டர் கொக்கியைத் தட்டில் வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அன்னிக்கே தெரியும். நீ உள்ளே போனதும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். காதுக்குப் பின்னால வெட்டு அப்படியே இருந்துச்சு. அப்புறம் அந்த வட்டம். உனக்கு வட்டமா தேய்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.”

நர்ஸம்மா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். “தெரிஞ்சுக்கிட்டேவா இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்க? தெரிஞ்சுக்கிட்டேவா புகார் எழுதினீங்க?”

“மாத்திட்டாங்கன்னு மொதல்ல கத்திட்டேன். கத்திட்டு உன்னைப் பார்த்தேன். உன் மூஞ்சி… அதுக்கப்புறம் நிறுத்த முடியலை. கத்தறதை நிறுத்தினா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுடும். சும்மா கத்தினா போதுமா? திருட்டுக் கொடுத்தவன் புகார் எழுதணும். எழுதினேன். ஆள் வச்சுத் தேடணும். வச்சேன்.”

“ஒருத்தரோட வேலை போகப் போகுது டாக்டர்” என்றார் டீச்சர்.

“ஆதாரம் இல்லாம யாரையும் அனுப்ப மாட்டாங்க, தானா அமுங்கிடும்னு இருந்தேன். நீங்களும் கண்டுபிடிக்க மாட்டீங்கன்னுதான் நினைச்சேன்.”

“ஏன்?”

“மூணு துப்பறியும் நிலையத்தைப் பத்தி விசாரிச்சேன் டீச்சரம்மா. இருக்கறதுலயே உங்களுதுதான் மோசம்னு சொன்னாங்க.”

“ம்ம்ம்! ம்ம்ம்ம்!” என்றது பஞ்சு.

“அவன் கோபப்படறான்” என்றார் டீச்சர்.

நர்ஸம்மா இதையெல்லாம் கேட்கவில்லை. கையிலிருந்த மாத்திரைக் கவரைக் கணவரிடம் நீட்டினார்.

“அந்தக் கலர் நிஜமாம். டீச்சரம்மா சொல்றாங்க. இதனால வந்ததாம்.”

டாக்டர் கவரை வாங்கினார். கண்ணாடியை இறக்கி, அந்தப் பழுப்பு வட்டத்தையும் ஒட்டின் விளிம்பையும் ரொம்ப நேரம் பார்த்தார். இது அவருக்குத் தெரியாது. தன் காசு உண்மையிலேயே வேஷமோ என்று இந்த எட்டு நாளும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கும். அந்தச் சந்தேகமே, போனது வேஷம்தானே என்று, ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்திருக்கும். அதுவும் இப்போது போனது.

“புடவையை மாத்திக்கிட்டு வா” என்றார். “மணி மூணு ஆகப் போகுது.”

*

புகாரின் மேல் மேலாளர் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு, அவ்வளவுதான். விடுங்க மேடம்” என்று பரிசோதகரிடம் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை இழுத்தார்.

டாக்டர் கை கூப்பினார். “மன்னிச்சிடுங்கம்மா.”

பரிசோதகர் அவரைப் பார்க்கவில்லை. மேலாளரின் மேஜையில் கிடந்த மாத்திரைக் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன?”

“காசு இருந்த கவர்” என்றார் நர்ஸம்மா. “நாப்பத்தொரு வருஷமா இதுலதான் இருந்துச்சு.”

பரிசோதகர் கவரை வாங்கிப் பிரித்தார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வட்டத் தடம், பின் ஓட்டை, ஒட்டின் விளிம்பு. விரல் நுனியை விளிம்பின் மேல் ஒரு தரம் ஓட்டினார்.

“நிஜமான கலரைத்தான் நான் வேண்டாம்னு எழுதியிருக்கேன்” என்றார்.

“அதான் நிஜம்னு தெரிஞ்சுடுச்சே” என்றார் நர்ஸம்மா. “இப்ப ஒரு நம்பர் போட்டுக் கொடுத்துடுங்களேன்மா. போட்டோகூட இருக்கே உங்ககிட்ட.”

“கையில இருக்கிற காசுக்குத்தான் நம்பர் போட முடியும்மா. போட்டோவுக்குப் போட முடியாது. இப்ப இந்தக் காசை எடுத்துக்கிட்டா, ‘தேய்க்கப்பட்டது’ன்னு ஒரு சீட்டுதான் தர முடியும். அதுக்கும் நம்பர் கிடையாது.”

“ஏதாவது மருந்து…” என்றார் நர்ஸம்மா. “ஏதோ மருந்து போட்டா ஒரு வாரத்துல கலர் வரும்னு வர்ற வழியில டீச்சரம்மா சொன்னாங்களே…”

“வேண்டாம்மா” என்றார் டாக்டர்.

பரிசோதகர் கவரைத் திருப்பிக் கொடுத்தார். இடுப்பில் செருகியிருந்த மேஜைச் சாவியை எடுத்து மேலாளர் முன்னால் வைத்தார்.

“யாரும் கேட்கலையே மேடம்!”

“பத்தொன்பது வருஷமா நேர்கோட்டைப் பார்த்தா திருப்பி அனுப்பிடுவேன் சார். எத்தனைன்னு கணக்கில்லை. ஒவ்வொண்ணுக்கும் யார் வீட்டுல எந்தக் கவர் இருந்துச்சோ, யார் எதைப் போட்டுத் தேய்ச்சாங்களோ. நாளைக்கு ஒரு கலர் காசு வந்தா நான் அதை எந்தக் கண்ணால பார்ப்பேன்?”

மேலாளர் சாவியை அவர் பக்கம் தள்ளினார். பரிசோதகர் எடுக்கவில்லை. டீச்சர் எழுந்து வெளியே வந்தபோதும் அது மேஜை நடுவில்தான் கிடந்தது.

*

வாசல் பெஞ்சில் டாக்டரும் நர்ஸம்மாவும் ஆட்டோவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ ஸ்கூட்டர் பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து மாத்திரைக் கவருக்குள் போட்டார். பழைய தடத்தின் மேல் சரியாகப் பொருத்தினார்.

“என்ன பண்றீங்க?” என்றார் நர்ஸம்மா.

“திரும்ப வச்சா வரும். தானா வரும். யாரும் தொடக்கூடாது, அவ்வளவுதான்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“போன தடவை நாப்பத்தொரு வருஷம் ஆச்சு.”

நர்ஸம்மா அவர் முகத்தைப் பார்த்தார். எழுபத்து நான்கு வயது முகம். நர்ஸம்மா அழுவார் என்று டீச்சர் நினைத்தார். அவரோ தன் கைப்பையைத் திறந்து இரண்டு ஊக்குகள் எடுத்தார். கவரை வாங்கி, காசு அசையாதபடி இரண்டு பக்கமும் குத்தினார்.

“தேதி எழுதுங்க” என்றார். “போன தடவை எழுத மறந்துட்டேன்.”

டாக்டர் பேனாவை எடுத்து, காலை என்று போட்டிருந்த கட்டத்துக்குள் அன்றைய தேதியை எழுதினார். ஆட்டோ வந்தது. அவர் முதலில் நர்ஸம்மாவை ஏற்றிவிட்டார்.

ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை டீச்சர் நின்றார். ஸ்கூட்டர் கிளம்பியது. ஒரு தெரு போனது, இரண்டு தெரு போனது. முன்னால் இருந்து சத்தமே வரவில்லை.

“ஏதாவது பேசேன்ப்பா” என்றார் டீச்சர்.

“பல் வலிக்குது டீச்சர்.”

“நிஜமாவா?”

“மத்தியானம் பொய்தான் சொன்னேன். இப்ப நிஜம். பாதி சுரண்டினாரு, அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு.”